முகமாலை மண்ணும் அணைகிற வெளிச்சமும்

ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர். அதைத் தாண்டி ஏ9 வீதி யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் நுழைகிறது. இயக்கச்சி, பளை என்று தென்னந்தோப்புகள் வரத் தொடங்கியதும் பஸ்ஸில் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். பளைக்கு அப்பால் தென்னை குறைந்து, பற்றைக்காடும் மணல்வெளியும் வருகின்றன. வீதியிலிருந்து சற்றுத் தள்ளிச் சிவப்புப் பலகைகள், மண்டையோட்டுப் படம், ‘மிதிவெடி அபாயம்’ என்ற எழுத்து. முகமாலை வந்துவிட்டது.

2000 ஏப்ரலில் இலங்கை இராணுவத்தின் ஆனையிறவுப் படைத்தளம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது. அதிலிருந்து 2008 இறுதி வரை இரு தரப்பும் எதிரெதிரே குந்தியிருந்த முன்னரங்கு இதுதான். கிளாலியிலிருந்து நாகர்கோவில் வரை, குடாநாட்டின் கழுத்தை வெட்டியதுபோல ஒரு கோடு. 2002 போர்நிறுத்தக் காலத்தில் சனங்கள் பெட்டி படுக்கையோடு கடந்த சோதனைச் சாவடியும் இங்கேதான் இருந்தது. 2006 ஆகஸ்ட் 11 அன்று சண்டை மீண்டும் மூண்டது இதே இடத்தில், வீதியும் மூடப்பட்டது. இத்தனை வருடமும் இரண்டு பக்கமும் மாறி மாறி மிதிவெடி புதைத்தன. ஒருவர் புதைத்ததன் மேல் இன்னொருவர் புதைத்த இடங்களும் உண்டு. உலகத்தின் மிக அடர்ந்த மிதிவெடி வயல்களில் ஒன்றாக முகமாலையைச் சொல்வார்கள். பெரும்பகுதி இப்போது மீண்டுவிட்டது. மீதியில் வேலை நடக்கிறது.

நான் இந்த வழியாக வந்ததற்குக் காரணம் போர் வரலாறு அல்ல, ஒரு வேதியியல் கட்டுரை. 1998இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜை-ஷேன் யாங், டிமோத்தி ஸ்வேகர் என்ற இருவர், ஒளிரும் நுண்துளைப் பாலிமர் படலம் ஒன்றைக்கொண்டு காற்றில் கலந்திருக்கும் டி.என்.டி. வெடிமருந்தின் ஆவியைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதினார்கள். மாணவப் பருவத்தில் அதைப் படித்தபோது மண்ணுக்கடியில் கிடக்கும் மிதிவெடிக்கு இனி நாயும் வேண்டாம், ஆளும் வேண்டாம் என்று நினைத்தேன். அந்தக் கட்டுரை நினைத்த மண்ணை ஒருதரம் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் பயணத்தின் சாக்கு.

விஷயம் இதுதான். ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் நீண்ட கார்பன் சங்கிலிகள் சில, புற ஊதா விளக்கின் கீழ் நீலமாகவோ பச்சையாகவோ ஒளிரும். விளக்கிலிருந்து வாங்கிய ஆற்றல் விழுந்த இடத்திலேயே தங்குவதில்லை. சங்கிலி நெடுக ஓடித் திரிந்துவிட்டுத்தான் ஒளியாக வெளியேறுகிறது. டி.என்.டி. மூலக்கூறில் மூன்று நைட்ரோ தொகுதிகள் உண்டு, மூன்றும் எலக்ட்ரானுக்குப் பசித்தவை. அப்படி ஒரு மூலக்கூறு சங்கிலியின் எந்த மூலையில் வந்து ஒட்டினாலும், ஓடிவரும் ஆற்றல் அந்த இடத்தைக் கடக்கும்போது எலக்ட்ரான் அதன் பக்கம் தாவிவிடும். ஒளி அணையும். ஒரு மூலக்கூறு வந்து ஒரு நீளச் சங்கிலியையே இருட்டாக்கிவிடுகிறது என்பதுதான் இதன் பலம். இந்தப் பெருக்கத்தை ஸ்வேகரும் அவர் மாணவர் சோவும் 1995இலேயே கரைசலில் காட்டிவிட்டார்கள்.

ஆனால் கரைசலைச் சீசாவில் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போக முடியாது. திண்மப் படலமாகப் பூசினாலோ, தட்டையான சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தம் ஒளியைத் தாமே அணைத்துக்கொள்ளும், டி.என்.டி. உள்ளே நுழைய வழியும் இராது. தென்னோலைக் கிடுகை அடுக்கினால் இடைவெளியில்லாமல் படிந்துகொள்ளும், கங்குமட்டையை அடுக்கினால் நடுவெங்கும் பொந்துதான். யாங்கும் ஸ்வேகரும் செய்தது இந்தக் கங்குமட்டை வேலை. பென்டிப்டிசீன் என்ற, எந்தப் பக்கமும் மடங்காத, முப்பரிமாணத்தில் விரிந்து நிற்கும் ஒரு தொகுதியைச் சங்கிலியில் கோத்தார்கள். சங்கிலிகள் ஒன்றையொன்று நெருங்க முடியவில்லை. இடையில் விழுந்த பொந்துகள் டி.என்.டி.யின் அளவுக்குத் தோதாக அமைந்தன. இரண்டரை நானோமீட்டர் தடிப்புப் படலம், அறை வெப்பத்தில் வெறும் ஆவி பட்டே, அரை நிமிடத்தில் ஏறத்தாழப் பாதி ஒளியை இழந்தது.

அதற்குப் பிறகு நுண்துளைப் பொருள்களின் உலகம் வெகுவாகப் பெருகிவிட்டது. 2005இல் ஒமர் யாகியின் குழு கரிமச் சட்டகங்களைப் படிகமாகக் கட்டிக் காட்டியது. 2007இல் லிவர்பூலில் ஆண்ட்ரூ கூப்பரின் குழு, அதே வகைச் சங்கிலிகளைத் துளை நிறைந்த வலையாகப் பின்னிய பாலிமர்களைச் செய்தது. உலோகம் கலந்த சட்டகங்களுக்காக யாகி, கிடகாவா, ராப்சன் மூவருக்கும் 2025இன் வேதியியல் நோபல் பரிசு போனது. இந்த வகைப் பொருள் பலவற்றில் ஒரு கிராமுக்குள் ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் உட்பரப்பு இருக்கும். யாழ்ப்பாணக் கணக்கில் நாலு பரப்புக் காணி. இந்தியாவிலும் இதில் கை தேர்ந்தவர்கள் உண்டு. திருவனந்தபுரத்தில் அஜயகோஷ் குழுவினர் 2012இல், ஒரு கிராமை நூறு கோடியால் வகுத்து அதை மறுபடி நூறு கோடியால் வகுத்தால் வரும் அளவில் டி.என்.டி.யைக் கண்டுபிடிக்கும் ஒளிரும் கூழ்மத்தைக் காட்டினார்கள். புனேயில் சுஜித் கோஷ் குழு 2013இல் உலோகச் சட்டகம் ஒன்றால், டி.என்.டி.யின் நெருங்கிய உறவான பிக்ரிக் அமிலத்தைத் தனியே பிரித்தறிந்தது.

இத்தனையும் இருக்க, முகமாலையில் ஏன் இன்னும் மனிதர்கள் வெயிலில் முழங்காலிட்டு மண்ணை வாரிக்கொண்டிருக்கிறார்கள்?

பளைச் சந்தியில் இறங்கித் தேநீர்க் கடையொன்றில் உட்கார்ந்திருந்தபோது, வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் ஒரு பெண்ணிடம் கேட்டேன். நாற்பது வயதிருக்கும். மிதிவெடி அகற்றும் பணியில் பல வருடம். இந்த வேலைக்கு வந்த பெண்களில் குடும்பத்தைத் தனியே தூக்கிச் சுமப்பவர்கள் கணிசமானோர், அவரும் அப்படித்தான். வேலை எப்படி என்றேன்.

“எப்பிடி எண்டால் என்ன அண்ணை, முகத்துக்குக் கவசம் போட்டால் வேர்வை கண்ணுக்கை ஓடும். இடைக்கிடை ஓய்வு தருவினம். அந்த நேரத்துக்குத் தண்ணி குடிச்சுப்போட்டுத் திரும்பப் போவம்.”

உலோகம் காட்டும் கருவி எல்லா இடத்திலும் உதவாது என்று விளக்கினார். உலோகம் குறைந்த பிளாஸ்டிக் மிதிவெடிகள் ஒரு பக்கம், எறிகணைச் சிதறல்கள் மறுபக்கம். கருவி ஒன்றைக் காட்டாமல் விடும், மற்றதற்கு ஓயாமல் கத்தும். அதனால் நீண்ட பிடி போட்ட வாரிகளால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, ஒரு கோட்டையும் விடாமல் முன்னேறுகிறார்கள். 2002 முதல் இலங்கையில் வேலை செய்யும் ஹலோ டிரஸ்ட் என்ற மிதிவெடி அகற்றும் அமைப்பு இந்த மணலுக்கென்று எடுத்துக்கொண்ட முறை அது. கேட்க எளிது, செய்பவரின் முதுகுக்குத்தான் தெரியும்.

மூக்கால் மணந்து கண்டுபிடிக்கும் கருவிகள் பற்றிச் சொன்னேன். ஆவி, பாலிமர், அணைகிற ஒளி. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “இஞ்சை முழு மண்ணிலையும் மருந்துதானே அண்ணை. எத்தினை ஷெல் விழுந்த இடம். அது எதையெண்டு மணக்கும்?”

ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் கடைசிப் பத்திவரை வராத கேள்வி அது. டி.என்.டி. சுலபத்தில் ஆவியாவதில்லை. அறை வெப்பத்தில் அதன் மேலுள்ள காற்றில் நூறு கோடிப் பங்குக்குச் சில பங்குதான் நிற்கும். மண்ணுக்கடியில், பிளாஸ்டிக் உறைக்குள் என்றால் இன்னும் குறைவு. மண்துகளும் ஈரமும் அதில் பெரும்பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாய்கள் மணப்பது பெரும்பாலும் டி.என்.டி.யை அல்ல, அதனோடு மாசாகக் கலந்திருக்கும், சுலபத்தில் ஆவியாகும் டி.என்.டி.யின் தம்பிப் பொருளை. வெடித்துச் சிதறிய எறிகணை ஒவ்வொன்றும் அதே மணத்தைச் சுற்றிலும் தெளித்துவிட்டுப் போயிருக்கிறது. யாங்-ஸ்வேகர் பாலிமரைக்கொண்டு செய்த ‘ஃபைடோ’ கருவி நிஜமாகவே பயன்பாட்டுக்கு வந்தது, ஆனால் வேறு இடத்தில்: வாகனக் கதவு, பெட்டியின் கைப்பிடி, ஆளின் கை. “இதைத் தொட்டவன் வெடிமருந்தைத் தொட்டானா?” என்ற கேள்விக்கு அது நல்ல பதில் சொல்லும். “இந்தக் காணியில் குழந்தை ஓடலாமா?” என்ற கேள்விக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியான பதிலும் போதாது.

ஆய்வகக் கட்டுரைகளிலும் எனக்கு ஒரு குறை உண்டு. பிக்ரிக் அமிலம் மஞ்சள் நிறம். புற ஊதாவைத் தானே விழுங்கிவிடும். விளக்கின் ஒளி பாலிமரைச் சேராமல் போனாலும் ஒளிர்வு மங்கத்தான் செய்யும். அதையும் ‘கண்டுபிடிப்பு’ என்று கணக்கெழுதிய தாள்களுக்குப் பஞ்சமில்லை.

இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அது நடைமுறைக்கு வந்ததிலிருந்து பத்து வருடக் கெடு 2028 ஜூனில் முடிகிறது. அதுவரைக்கும் இங்கே வேலை செய்யப்போவது வாரிகள்தான், படலங்கள் அல்ல.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் திருநெல்வேலியில் இருக்கிறது, பரமேசுவராக் கல்லூரி இருந்த வளவில். ஒளிரும் பாலிமரும் நுண்துளையும் சேர்கிற வேலை இங்கே, இந்தக் குடாநாட்டுக்குள்ளேயே வெகு காலமாக நடந்து வருகிறது. வெடிமருந்துக்காக அல்ல, வெயிலுக்காக. பௌதிகவியல் துறையின் பேராசிரியர் புண்ணியமூர்த்தி ரவிராஜன், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜெனி நெல்சன் குழுவோடு சேர்ந்து 2000களின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகள், டைட்டானியம் டைஆக்ஸைடின் நுண்துளைப் படலத்துக்குள் ஒளிரும் பாலிமரைப் புகுத்திச் சூரிய மின்கலம் ஆக்குவது பற்றியவை. ஊருக்குத் திரும்பி அதே துறையில் ஆய்வுக்கூடமும் ஆய்வு மாணவர்களும் உருவாக வழி செய்தார்.

சூரிய மின்கலத்தில் பாலிமர் ஒளிர்ந்தால் நட்டம். ஒளியாக வெளியேறும் ஆற்றல் மின்சாரம் ஆகாது. வெயில் எழுப்பிய ஆற்றல் டைட்டானியம் டைஆக்ஸைடின் விளிம்பைத் தொட்டதும் எலக்ட்ரான் அதற்குள் தாவ வேண்டும், ஒளிர்வு அணைய வேண்டும். ஒளிர்வு எவ்வளவு அணைகிறது என்று அளந்துதான் கலவை சரியா என்று முதலில் பார்க்கிறார்கள். எம்.ஐ.டி.யில் டி.என்.டி. செய்த அதே காரியத்தை இங்கே ஒரு வெள்ளைத் தூள் செய்கிறது. அங்கே அது எச்சரிக்கை. இங்கே அது மின்சாரம். துளைக்கும் இரண்டிடத்திலும் ஒரே வேலை: திண்மப் படலத்தில் ஆற்றல் ஓடக்கூடிய தூரமோ சில நானோமீட்டர்தான், அதற்குள் அது சேரவேண்டிய இடம் வந்துவிட வேண்டும். துளையில்லாத தட்டையான படலத்தில் பாதிவழியிலேயே செத்துவிடும்.

துளை எப்போதும் நன்மைக்குத்தான் என்றில்லை. காங்கேசன்துறை வீதியில் வடக்கே போனால் சுன்னாகம். 2013க்குப் பிறகு இந்தப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாகச் சனங்கள் சொல்லத் தொடங்கி, பவுசர் வண்டிகளில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டிவந்தது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் அங்கிருந்த தனியார் மின்நிலைய நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது.

எண்ணெய் ஏன் அவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு ஊரின் பாறையே விடை. குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணக்கல். மழைநீர் அரித்து அரித்து, வெடிப்பும் குகையும் ஓட்டையுமாக ஆன பாறை. ஆறு என்று சொல்ல மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறுதான். மழைநீர் செம்மண்ணுக்குள் இறங்கி, இந்தப் பாறைத் துளைகளில் தங்கி, கீழே கிடக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கிணறு தோண்டினால் கிடைப்பது அந்த மிதக்கும் நன்னீர். வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் விளைந்தது அதனால். தண்ணீரை உள்ளே விடுகிற துளை எண்ணெயையும் விடும், உரத்தையும் விடும், மலக்குழிக் கசிவையும் விடும். பாறைக்குப் பென்டிப்டிசீன் தெரியாது. அளவு பார்த்து ஆளை உள்ளே விடும் துளை அதற்கு இல்லை.

எண்ணெயைப் பார்க்க ஒளிரும் பாலிமர் தேவையில்லை, எண்ணெயே ஒளிரும். அதிலுள்ள வளையக் கார்பன் சேர்மங்கள் புற ஊதாவில் நீலமாகத் தெரியும். எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் பாறைத் துண்டுகளை அந்த விளக்கின் கீழ் வைத்துப் பார்ப்பது பழைய வழக்கம்.

இன்னும் வடக்கே, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை வளவில் புற்றுநோய் வைத்தியசாலை ஒன்று இருக்கிறது. 2011இல் நாட்டின் தென்முனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய பணத்தில் எழுந்தது. ஒளிரும் நுண்துளைப் பாலிமர்களுக்கு உயிரணுவைப் படம் எடுக்கும் வேலையும் சொல்லப்படுகிறது. நூறு நானோமீட்டர் அளவுக்குப் பொடியாக்கிய துகளை உயிரணு தானாகவே விழுங்கிக்கொள்ளும்; உள்ளே போய் ஒளிரும்; துளைக்குள் மருந்து ஏற்றினால் அதையும் சுமந்து போகும். வெடிமருந்துக்கு ஒளி அணைந்தால் போதும். உயிரணுவுக்குள் அது சரிவராது: இருட்டாகத் தெரிவது நோயாலா, துகள் அங்கே போய்ச் சேராததாலா என்று யார் சொல்வது? அதனால் இங்கே தேவை, தேடியதைக் கண்டதும் ஒளி ஏற்றும் துகள்கள். அதுவும் சிவப்பிலோ அதற்கு அப்பாலோ ஒளிர வேண்டும், நீல ஒளி சதைக்குள் தொலைந்துபோகும். எல்லாம் இன்னும் கண்ணாடித் தட்டு, எலி என்ற கட்டத்தில்தான். வாசலில் சாப்பாட்டுப் பெட்டியோடு காத்திருந்தவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கீரிமலையில் கடலுக்கும் கேணிக்கும் நடுவே ஒரு சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் உப்பு அலை. இந்தப் பக்கம் பாறைக்குள்ளிருந்து சுரந்து வரும் நன்னீர். பக்கத்துக் காங்கேசன்துறையில் 1990 வரை ஓடிய சீமெந்துத் தொழிற்சாலை இதே சுண்ணக்கல்லைத்தான் தின்றது. ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் கொடுக்க வருகிறவர்கள் இந்தக் கேணியில் முழுகுவார்கள். கீரிமுகம் கொண்ட நகுலமுனிவர் இங்கே நீராடி மனித முகம் பெற்றார் என்பது தலக்கதை, பக்கத்தில் நகுலேசுவரம் கோயில்.

கீரி என்றதும் முன்பு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இருந்த திரிஷாந்த நாணயக்கார நினைவுக்கு வந்தார். 2000களில் அவரது குழு, மிதிவெடியை மணந்து காட்டப் பழக்கிய கீரி ஒன்றைக் காலால் நடக்கும் ரோபோவோடு பிணைத்து நடத்திப் பார்த்தது. கீரி மணந்து காட்டும், ரோபோ வழி நடத்தும். நாயைவிடப் பாரம் குறைவு, இந்தத் தீவின் பற்றைக்காட்டுக்குப் பழகிய பிராணி. பாலிமர் படலத்தைவிட இது எனக்குப் பிடித்த யோசனை. என்றாலும் முகமாலையில் அதையும் நான் காணவில்லை.

திரும்புகிற வழியில் புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணறு. இராமர் அம்பு விட்டுத் திறந்தது என்பார்கள். மேலே நன்னீர், ஆழம் போகப் போக உப்பு. சுண்ணக்கல் கூரை இடிந்து விழுந்து திறந்த குகை அது. சுற்றிலும் வெங்காயத் தோட்டங்கள். வலிகாமத்தின் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைட்ரேட், லீட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற குடிநீர் எல்லையைத் தாண்டியிருப்பதாக ஆய்வுகள் பல காலமாகச் சொல்கின்றன. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடும்.

தோட்டத்தில் நின்ற பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எதைத் தேடி வந்தேன் என்று கேட்டவருக்குச் சுருக்கமாகச் சொன்னேன்.

“தண்ணியிலை உரம் கலந்திருக்கெண்டு எனக்குத் தெரியும் தம்பி. அதைச் சொல்ல ஒரு சாமான் வேணுமே? குறையப் போட்டால் வெங்காயம் சிறுக்கும். அதுக்கு ஆர் காசு தருவினம்?” கொஞ்சம் பொறுத்து அவரே கேட்டார்: “எனக்கு ரெண்டு கிணறு. வீட்டுக் கிணறு ஒண்டு, தோட்டக் கிணறு ஒண்டு. மகளுக்குப் பிள்ளை கிடைச்சிருக்கு. எந்தத் தண்ணியைக் குடுக்கிறது எண்டு சொல்லுமோ உங்கடை சாமான்?”

சொல்லாது. நைட்ரேட் டி.என்.டி.யைப் போலப் பாலிமரிடம் எலக்ட்ரானைப் பறிக்க வருவதில்லை. சின்ன அயனி, நிறமில்லை, தண்ணீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்திருக்கும். அதை நீரிலிருந்து பிரித்துப் பிடிக்கிற துளையைச் செய்வது டி.என்.டி.க்குத் துளை செய்வதைவிடக் கடினம். ஆனால் அவருக்கு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கடையில் கிடைக்கும் சோதனைக் கீற்றுத் தாளே போதும். கிணற்றுத் தண்ணீரில் நனைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, டப்பாவில் ஒட்டியிருக்கும் நிறங்களோடு ஒப்பிட்டால் 50க்கு மேலா கீழா என்று தெரிந்துவிடும். பிள்ளைக்கு எது என்று முடிவெடுக்க அது காணும். சந்தேகம் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம்.

ஒரு டப்பாவில் எத்தனை தாள் இருக்கும் என்று கேட்டார். ஐம்பது அளவில் இருக்கும், ஆனால் திறந்த டப்பாவில் ஈரம் பட்டால் தாள் பழுதாகிவிடும், அக்கம்பக்கத்து நாலு வீட்டுக்காரர் சேர்ந்து ஒன்று வாங்கி ஒரே நாளில் எல்லாக் கிணற்றையும் பார்த்துவிடுங்கள் என்றேன்.

“தாள் வாங்கிறது கஷ்டமில்லைத் தம்பி,” என்று வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தார். “நாலு வீட்டுக்காரர் சேர்றதெல்லோ கஷ்டம்.”